ஒரேயொரு ‘இல்லை’

எங்கள் ஊரில் ‘இல்லை’ என்ற சொல்லைத் தலைவரிடம் ஒப்படைத்து இரண்டு வருடம் ஆகிறது. தேர்தல் கூட்டத்தில் அவர்தான் கேட்டார். “நீங்க தனித்தனியா ‘இல்லை’ன்னு சொன்னா யார் காதுல விழும்? எல்லாத்தையும் எங்கிட்ட குடுங்க. உங்க எதிரிங்க மூஞ்சிக்கு நேரா நான் சொல்றேன்.” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் வரிசையில் நின்று கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

கொடுப்பதும் எளிதாக இருந்தது. அரிசி தீர்ந்தால் ‘நிறைஞ்சிருக்கு’ என்றும், விளக்கு அணைந்தால் ‘மலையேறிடுச்சு’ என்றும் சொல்லிப் பழகிய வாய்கள் எங்களுடையவை.

நகர்மன்றத்தில் நான் சுருக்கெழுத்தர். ‘ஏற்போர் ஆம் என்க’ என்று சேர்மன் அம்மா படித்ததும் ‘ஆம்’ வரும். மறுப்போருக்கான அடுத்த வரிக்கு வாயைத் திறப்பார், தண்ணீர் குடிப்பார், உட்கார்ந்துவிடுவார். பிறகு அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். பத்து மணிக் கூட்டம் பத்தேகாலுக்கு முடிந்தது. உறுப்பினர்கள் சீக்கிரமே டிபன் சாப்பிடப் போனார்கள்.

சென்ற மாதம் என் தம்பி நன்மாறனை விசாரணைக்கு அழைத்தார்கள். தலைவர் கட்டிய குடிநீர்த் தொட்டியில் ‘தண்ணீர் இல்லை’ என்று அவன் டீக்கடையில் சொன்னானாம். அந்தச் சொல் அவனிடம் ஏது என்று கேட்க விதியில் இடம் கிடையாது. விசாரணையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு பதில்கள்தான் செல்லும். மௌனமும் ‘ஆம்’ கணக்குதான். குற்றச்சாட்டுக்கு ‘ஆம்’ என்றால் ஏழு வருடம் சிறை.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும்,” என்றான் தம்பி.

தலைவரின் அலுவலகத்துக்கு மனு போட்டேன்: ‘என் தம்பியின் உபயோகத்துக்காக ஓர் இல்லை தந்து உதவ முடியுமா?’ எழுத்தர் ஆரோக்கியதாஸ் படித்துப் பார்த்து முத்திரை குத்தினார்.

“பதில் கண்டிப்பா வரும்மா,” என்றார்.

ஒன்பதாம் நாள் வந்தது. முழுத் தாளின் நடுவில், தலைவரின் கையெழுத்தில், ஒரே சொல்: இல்லை.

தம்பி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒரு முறைதான் அதைச் செலவழிக்கலாம் என்பது அவனுக்கும் தெரியும்.

விசாரணை காலை பதினொரு மணிக்கு. சுருக்கெழுத்து எடுக்க என்னையே உட்காரவைத்தார்கள். அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டார்.

“நீ இந்த ஊர்க்காரன்தானே?”

கேள்வி முடிவதற்குள் தம்பி தாளை உயர்த்திவிட்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எல்லாவற்றிலும் அவசரம். அதிகாரி தாளைப் படித்தார். நான் குறித்துக்கொண்டேன். வெளியூர் ஆளை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் கிடையாது என்று அவர் கோப்பை மூடினார். இரண்டு காவலர்கள் தம்பியை ஊர் எல்லைக்கு அப்பால் இறக்கிவிட ஜீப்பில் ஏற்றினார்கள்.

“எந்த ஊருப்பா உனக்கு?” என்று ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

மதியம் வீட்டுக்கு வந்தேன். அம்மா மூன்று தட்டு வைத்துக் காத்திருந்தாள்.

“தம்பியும் வந்துட்டானா?”

“ஆமாம்மா,” என்றேன். வேறென்ன சொல்ல?

அம்மா அவன் தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். நான் பாதி சாப்பிடுவதற்குள், ஆள் உட்காராத அவன் தட்டு காலியாகிவிட்டது. அம்மா அதில் ரசத்துக்குச் சோறு போட்டாள்.