தீர்த்தப் போத்தல்

கப்பலுக்குள் சாராயம் கொண்டுபோக முடியாது என்பதை மிதுஷன் தன் தொலைபேசியிலிருந்து வாசித்துச் சொன்னான். ஆளுக்கு ஒரு வைன் போத்தல் கொண்டுவரலாம். அதுவும் ஏறுகிற நாளில் மட்டும். வேறு ஏதாவது பிடிபட்டால் எடுத்துவைத்துவிட்டு, திரும்பி இறங்கும்போது தருவார்கள்.

"அப்ப பனைச் சாராயம்?" என்று மாமா கேட்டார்.

"அது ஏலாது மாமா. ஆனா நான் எல்லாருக்கும் குடிவகைக்குச் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்தனான். விஸ்கி, கொனியாக், எது வேணுமோ கேக்கலாம். எத்தினை தரமும் கேக்கலாம்."

"விஸ்கி மூட்டைப்பூச்சி மணக்கும்."

மிதுஷன் சிரித்தான். பிரியதர்சினியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மிதுஷன் இருந்த கதிரை என்னுடையது.

மாமா என்பது வைத்திலிங்கம், என் மனைவி நிசாந்தினியின் தகப்பன். நிசாந்தினி இறந்து பதினாறு மாதம். டெங்கு. ஐந்து நாள். கலியாணம் முடித்து இரண்டு வருடம்தான். பிள்ளை இல்லை. சுருவில் கிராமத்தில் மாமா வீட்டு வளவுக்குள்ளேயே அவளுக்கென்று கட்டிய வீட்டில் நான் இன்னும் இருக்கிறேன். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

வேலணையில் ஒரு கந்தோரில் எழுத்தர் வேலை. ஐந்தரைக்கு வருவேன். குளித்துவிட்டு ஆறரைக்கு முன்வீட்டுக்குப் போவேன். மாமாவுக்கு ஒன்றரைக் கிளாஸ், எனக்கு ஒன்று. ஊற்றுவது நான். மாமி கமலாதேவி பொரித்த நெத்தலி கொண்டுவந்து வைப்பார். முன்பு சாராய மணத்துக்குச் சண்டை பிடிப்பாராம். கொரோனா வந்து போனபின் அவருக்கு மணமே தெரிவதில்லை. சண்டையும் நின்றுவிட்டது. மழை, கிணறு, புகையிலை விலை என்று பேசுவோம். நிசாந்தினியைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த வீட்டில் நான் யார் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே விடை அந்த அரை மணித்தியாலம்.

எட்டு நாளுக்கு முன் மிதுஷன் ரொறன்ரோவிலிருந்து வந்தான். நிசாந்தினியின் தங்கை பிரியதர்சினியின் புருஷன், என் சகலன். ஊர்காவற்றுறையில் பிறந்து எட்டு வயதில் போனவன். பிரியதர்சினிக்கு ஐந்து மாதம். மாமாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கப்பல் பயணம் ஒழுங்கு செய்திருந்தான். காங்கேசன்துறையில் ஏறி, திருகோணமலை போய், மூன்றாம் நாள் திரும்புவது. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தான்.

பிரியதர்சினியின் குரல் அக்காவின் குரல். கிணற்றடியில் நின்று புருஷனை "இஞ்சேரப்பா" என்று கூப்பிடுவாள். முதல்நாள் நான் எழுந்து வாசல்வரை போய்விட்டேன். மிதுஷன் "என்னப்பா" என்றபடி என்னைத் தாண்டிப் போனான். அதன்பின் எழும்பவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் முழங்கால் அசையும்.

இன்னொரு நாள் மாமி சமைக்கும் குசினி வாசலில் நின்றபோது மாமா மிதுஷனுக்குக் கதை சொல்வது கேட்டது. நிசாந்தினிக்கு ஆறு வயதாம். மண்கும்பான் கடற்கரையில் காணாமல் போய்விட்டாளாம். ஊரே தேடியதாம். கடைசியில் கரையில் இழுத்துவிட்ட வள்ளமொன்றுக்குள் நித்திரையாகக் கிடந்தாளாம். மாமா சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்தக் கதையை அவளும் எனக்குச் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. அவனுக்கு மனைவி இருந்தாள், வரப்போகும் பிள்ளை இருந்தது. என் மனைவியின் ஆறு வயதும் அவனுக்கே போனது.

ஆகவே, கப்பல் விதியை வாசித்துவிட்டு மிதுஷன் உள்ளே போனதும் மாமா என் பக்கம் சாய்ந்து, "தம்பி சுஜிதன், நீர் ஏதும் வழி பாரும்" என்று மெதுவாகச் சொன்னபோது எனக்குள் ஏதோ சூடாக ஓடியது. பதினாறு மாதத்துக்குப் பின் முதல் சூடு. அவனிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

வழி நயினாதீவில் கிடைத்தது. கடல் பயணம் என்றால் மாமி அந்தத் தீவின் அம்பாளிடம் போகாமல் போகமாட்டார். நான்தான் கூட்டிப்போனேன். குறிகட்டுவானில் வள்ளம் எடுத்துப் போய் இறங்கியதும், "நீங்கள் போங்கோ மாமி, நான் பின்னால வாறன்" என்றேன். போகவில்லை. இறங்குதுறைத் தேத்தண்ணிக்கடையில் இருந்தேன். நிசாந்தினியின் அந்த ஐந்தாம் நாளுக்குப் பின் நான் எந்தக் கோயிலுக்குள்ளும் போனதில்லை. இது மாமிக்குத் தெரியாது.

"கும்பிட்டனீரோ?" என்று வந்ததும் கேட்டார்.

"ஓம் மாமி."

கையில் ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் நிறையத் தீர்த்தம். கழுத்தில் சிவப்பு நூல், மூடியில் குங்குமம். திரும்பி வரும்போது அதைக் கீழே வைக்காமல் மடியில் வைத்திருந்தார். நெரிசலில் நின்றவர்கள் அந்தப் போத்தலில் முட்டாமல் ஒதுங்கினார்கள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். அதைத் திறந்து பார்க்க யாருக்கும் மனம் வராது என்று அப்போதே விளங்கியது.

மறுநாள் அதே மாதிரிப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன். மாமா குடிப்பது நிறமில்லாத பனைச் சாராயம். பார்வைக்குத் தண்ணீர். நிரப்பிச் சிவப்பு நூல் கட்டினேன். குங்குமத்துக்கு அலுமாரியைத் திறந்தேன். நிசாந்தினியின் சிமிழ் இருந்த இடத்திலேயே இருந்தது. பதினாறு மாதமாக நான் அதைத் தொடவில்லை. விரலில் எடுத்து மூடியில் பூசினேன். சிமிழை மூடி அதே இடத்தில் வைத்தேன்.

காங்கேசன்துறையில் பெரிய கொட்டகை போட்டிருந்தார்கள். பெரிய பெட்டிகளை மிதுஷன் முன்னாலேயே கொடுத்துவிட்டான். அவை நேரே அறைக்கு வருமாம். கைப்பைகளோடு வரிசையில் நின்றோம். அப்போதுதான் மாமி நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ, என்ர தீர்த்தம்! அந்தப் பெட்டிக்குள்ளயெல்லே வைச்சனான்."

"மேல போனதும் எடுக்கலாம் மாமி," என்றான் மிதுஷன்.

"மேல போய் என்னத்துக்கு? கால் வைக்க முன்னம் குடுக்கோணும். பிள்ளைத்தாச்சியை உப்பிடியே கடலில ஏத்துறதோ?"

என் முறை வந்தது. பையை இயந்திரத்துக்குள் அனுப்பினேன். பரிசோதித்த பெண்ணின் சட்டையில் மேரிஜோசப்பின் என்று இருந்தது. போத்தலை வெளியே எடுத்தாள்.

"இதென்ன அண்ணை?"

"நயினாதீவுத் தீர்த்தம்."

அவள் நூலைப் பார்த்தாள். குங்குமத்தைப் பார்த்தாள். "நான் வேதக்காரி. ஆனா அம்பாளின்ரயைத் திறக்கமாட்டன்," என்று இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள்.

வாங்கியது நானல்ல. மாமி.

"நீரும் எடுத்தனீரோ?" என்றார். கண் நிறைந்திருந்தது. "எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே. நான் நினைச்சன் நீர் அம்பாளோட கோவமெண்டு. இஞ்ச பாருங்கோ, சுஜிதன் தீர்த்தம் கொண்டந்திருக்கிறார்!"

மாமா போத்தலைப் பார்த்தார். பின் கப்பலைப் பார்த்தார். வெள்ளையாக, பத்து மாடி உயரத்தில் நின்றது. அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாமி மூடியைத் திறந்தார். மணம் எனக்கு வந்தது. அவருக்கு வரவில்லை.

"பிரியா, கையை ஏந்து. முதல் உனக்கு."

பிரியதர்சினி உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். வயிறு முன்னால் நின்றது. சொன்னால் மாமிக்கு நான் பொய்யன். சொல்லாவிட்டால் அவள் குடிப்பாள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு மூச்சு இருக்கலாம். அந்த ஒரு மூச்சை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"மாமி, மாமி, எனக்கு முதல்!" என்று மிதுஷன் கையை அவள் கைக்கு மேலே நீட்டினான். எதிலும் முதலில் நிற்பது அவன் வழக்கம். பன்னிரண்டு நாளாக அதைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன்.

"சின்னப்பிள்ளை மாதிரி," என்று மாமி ஊற்றினார்.

குடித்தான். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கண் நேராக என்னிடம் வந்தது. அந்தக் கண்ணில் கோபமில்லை. கண்டுபிடித்த சிரிப்பு இருந்தது. பிறகு அதுவும் போய், ஒரு இரக்கம் வந்தது. கையைத் தலையில் தடவிக்கொண்டு, போத்தலைப் பக்குவமாக மாமியிடமிருந்து வாங்கினான்.

"மாமி, மிச்சத்தைக் கப்பலுக்குள்ள போய்க் குடுப்பம். இஞ்ச வரிசை மறிபடுது. பிரியா, நீ நட."

அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேரிஜோசப்பின் அடுத்தவரின் பையைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். மாமா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் தப்பிவிட்டேன். மாமாவின் மூன்று நாள் சாராயமும் தப்பிவிட்டது. அது இப்போது மிதுஷனின் கையில் இருந்தது. மாலையில் அதை மாமாவுக்கு ஊற்றப்போகிறவன் அவன். என்னைக் காப்பாற்றியவனும் அவன். இனி ஒவ்வொரு முறை என்னைப் பார்க்கும்போதும் அந்த இரக்கத்தோடு பார்ப்பான்.

அது என்னால் முடியவில்லை.

"மாமி, அது சாராயம்," என்றேன்.

மாமி திரும்பினார்.

"தீர்த்தமில்லை. நான்தான் நிரப்பினனான்."

"அண்ணை, சும்மா இருங்கோ," என்றான் மிதுஷன் பல்லுக்குள்.

மேரிஜோசப்பின் எழுந்து வந்தாள். போத்தலை வாங்கி மணந்தாள். "கர்த்தரே! என்னட்டையே அம்பாளின்ர பேரைச் சொன்னனீங்கள். நான் என்ர ரெண்டு கையாலயும் தூக்கித் தந்தனான்!" வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ "நல்ல தீர்த்தம்தான்" என்றார். சிரிப்பு எழுந்தது.

மாமி மாமாவைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்கென்ன தெரியும்," என்றார் மாமா. சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

மாமி என்னிடம் வந்தார். "பிரியா குடிச்சிருந்தால்?" என்று கத்துவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப அண்டைக்கு நீர் கோயிலுக்குள்ள போகேல்லை?"

"இல்லை மாமி."

"கும்பிட்டனான் எண்டனீர்."

"ஓம்."

சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக. பிறகு பிரியதர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். நான் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டேன். போத்தலுக்கு அட்டை கட்டி மேசைக்குக் கீழே வைத்தார்கள். படிவம் முடியும்வரை என்னோடு நின்றவன் மிதுஷன் மட்டும்தான்.

"ஏன் அண்ணை சொன்னனீங்கள்? நான் சமாளிச்சிட்டனே."

"அதுதான்," என்றேன்.

அவனுக்கு விளங்கியதோ தெரியாது. என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அதையும் அவனே தூக்கினான்.

ஆறரைக்கு மேல்தட்டில் மாமா கதிரையில் இருந்தார். பக்கத்தில் மிதுஷன். மாமாவின் கையில் விஸ்கி. முகத்தைச் சுழித்துச் சுழித்துக் குடித்தார். இரண்டாவதும் கேட்டார். என்னைக் கண்டும் காணாததுபோல் கடலைப் பார்த்தார். கரை தெரியவில்லை. நான் சற்றுத் தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரியதர்சினி எங்கிருந்தோ "இஞ்சேரப்பா" என்றாள். மிதுஷன் எழுந்து போனான். அவனுடைய கதிரை வெறுமையாக இருந்தது. நான் போய் இருக்கவில்லை. மாமாவும் கூப்பிடவில்லை.

மாமி வந்து என் பக்கத்தில் நின்றார். காற்று அவருடைய சேலையை இழுத்தது.

"நாளைக்குத் திருகோணமலையில இறங்கினதும் கோயிலுக்குப் போறம்," என்றார்.

"நான் வரேல்லை மாமி."

"உள்ளுக்கு வரச் சொன்னனானே? வாசலில நில்லும். அங்க சனம் கூட. செருப்புப் பாக்க ஒரு ஆள் வேணும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கோபமும் போகவில்லை.

திரும்பி வந்த மிதுஷனுக்கு அது கேட்டுவிட்டது. "மாமி, செருப்பை நான் பாக்கிறன். அண்ணை களைச்சுப்போனார். அவர் அறையில ஆறட்டும்."

"உம்மைக் கேக்கேல்லை," என்றார் மாமி. "நீர் பிரியாவைப் பாத்தாப் போதும். செருப்புக்கு சுஜிதன் நிக்கிறார்."

மிதுஷன் கையை விரித்து, "சரி சரி" என்றான். பன்னிரண்டு நாளில் அவன் கேட்ட ஒன்று அவனுக்குக் கிடைக்காமல் போனதை நான் முதன்முறையாகப் பார்த்தேன். அது நாலு சோடிச் செருப்பு. எனக்குக் கிடைத்தது.

"எத்தினை மணிக்கு மாமி?" என்று கேட்டேன்.