வேட்பாளர் கட்டிய சும்மாடு

பரவை சாலை வெங்காய மண்டியில் முத்திருளன் பேச்சுக்கு மறுபேச்சு பேசும் மூட்டைக்காரர் கிடையாது. அந்த முத்திருளனே அடங்கிப் போகும் இடம் ஒன்று உண்டு. அது டெல்லி. அவன் சுமை தூக்குவோர் சங்கத்தின் கிளைச் செயலாளர். நாடு முழுக்கக் கிளை பரப்பிய தொழிற்சங்கச் சம்மேளனத்தில் அந்தச் சங்கம் சேர்ந்திருக்கிறது. வேலைநிறுத்தம் என்று டெல்லியில் முடிவானால் இங்கே ஒரு மூட்டை அசையாது. அதில் அவனுக்கு அப்படியொரு பெருமை. இந்தச் சட்டமன்றத் தேர்தலில் எந்தக் கூட்டணிக்கு ஆதரவு என்பதும் அங்கேயே முடிவாகிவிட்டது. சிக்கல் அதில்தான் வந்தது.

மண்டிக்கு வரும் மூட்டை எண்பது கிலோவுக்குக் குறைவதில்லை. அவன் தம்பி அருள்பாண்டி அப்படியொரு மூட்டையைத் தூக்கப்போய் முதுகில் ஜவ்வு விலகி, விளாங்குடி வீட்டில் கட்டிலோடு கிடக்கிறான். ஐம்பது கிலோவுக்கு மேல் மூட்டை பிடிக்கக் கூடாது என்று அந்தக் கூட்டணியின் வேட்பாளர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டால் முத்திருளனுக்குப் போதும். தேர்தல் முடிந்தபின் இந்தப் பக்கம் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

வேட்பாளர் வரும் நாளில், சம்மேளனத்தின் மாவட்டத் தலைவர் மைக்கேல்ராஜ் முன்கூட்டியே வந்துவிட்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிதானம் தப்பாத மனிதர்.

“முத்திருளா, இன்னைக்கு மூட்டைப் பேச்சு வேணாம். இங்கன முதலாளிக பாதிப் பேரு அவரு கட்சி. மேல பேசி முடிச்சது நம்மளால முறிஞ்சுறக் கூடாது.”

“தம்பி எந்திரிச்சு நடக்க முடியாமக் கெடக்கான் தோழர். வேற எப்பப் பேச?”

“ஜெயிச்சு வரட்டும். பேசுவோம்.”

முத்திருளன் சரியென்று தலையாட்டினான். சம்மேளனம் சொன்னால் சொன்னதுதான்.

வேட்பாளர் சூர்யபிரகாஷ் மேளதாளத்தோடு வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான், ஆனால் கேமராவைக் கண்டால் கை சும்மா இருக்காது. தோளில் கிடந்த கட்சிக்கரைத் துண்டை உருவி, முறுக்கி, வட்டமாகச் சுற்றி, மூட்டைக்காரர்களைப் போலவே தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு கும்பிட்டார். படம் எடுத்தார்கள். பிறகு சும்மாட்டை எடுக்கக் கையை உயர்த்தினார்.

சுற்றி நின்ற மூட்டைக்காரர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். சும்மாடு தலையேறினால் பாரம் ஏறாமல் இறங்கக் கூடாது என்பது அங்கே உள்ள வழக்கம். விளையாட்டுக்குச் செய்தவனைக்கூட அவர்கள் விட்டதில்லை.

“அண்ணே, எடுத்துறாதீக,” என்றான் கூட்டத்தில் நின்ற மூட்டைக்காரன் விருமாண்டி. “ஒரு மூட்டையாச்சும் தூக்கணும்.”

மைக்கேல்ராஜ் முத்திருளனைப் பார்த்தார். ‘பரவாயில்லை, எடுங்கள்’ என்று கிளைச் செயலாளர் சொன்னால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். முத்திருளனுக்கு அது வாயில் வரவில்லை. கட்டிலில் கிடக்கும் தம்பி கண்ணுக்குள் நின்றான். பேசத்தானே கூடாது என்றார்கள்? ஒரு வார்த்தை பேசாமல் மூட்டை அடுக்கியிருந்த பக்கம் போனான்.

அவனும் விருமாண்டியுமாக மூட்டையைத் தூக்கிவந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி தலையைக் கொடுத்த சூர்யபிரகாஷின் தலையில் வைத்தார்கள். பாரத்தை முழுதாக விடவில்லை, கால்வாசி இறக்கியிருப்பார்கள். அதற்கே அவர் கழுத்து உள்ளே போய், முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. கட்சிக்காரர்கள் பதறிக்கொண்டு ஓடிவர, மூட்டையை எடுத்துவிட்டார்கள்.

“எவ்வளவு எடைங்க இது?” என்று சூர்யபிரகாஷ் மூச்சு வாங்கக் கேட்டார்.

“எண்பது. இன்னும் முழுசா உங்க மேல எறக்கல,” என்றான் விருமாண்டி.

“தினமும் இதையா தூக்குறீங்க?”

முத்திருளன் மைக்கேல்ராஜைத் திரும்பிப் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஐயா, உங்களுக்கு ஆதரவுன்னு டெல்லியில முடிவாயிருச்சு. ஆனா இங்க வீடு வீடாப் போயி ஓட்டுக் கேக்கப்போறது இவுக. அம்பது கிலோவுக்கு மேல மூட்டை வரக் கூடாதுன்னு நீங்க இங்கயே சொல்லணும். சொல்லலைன்னா இவுக வீட்ட விட்டு வெளிய வரமாட்டாக. டெல்லிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

முத்திருளனுக்கு நெஞ்சு விம்மியது. இதுதான் என் சம்மேளனம் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சூர்யபிரகாஷ் முதலாளிகள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, “ஐம்பது கிலோதான். ஜெயித்தால் அதுதான் என் முதல் வேலை,” என்றார்.

வழக்கம் கெடாமல் இருக்க, முத்திருளன் அந்தச் சும்மாட்டைத் தன் தலைக்கு மாற்றி, எண்பது கிலோவையும் தானே சுமந்துபோய் இறக்கினான். பிறகு துண்டைச் சங்கக் கொட்டகை ஆணியில் மாட்டினான். “அம்பது கிலோ மூட்டை வந்ததும் நீங்களே வந்து தூக்கிட்டு, துண்ட வாங்கிக்கங்கண்ணே,” என்றான்.

அவர் ஜெயித்தார். கட்சித் துண்டு சங்கக் கொட்டகையில் தொங்குவது நன்றாகவா இருக்கிறது என்று கட்சிக்காரர்கள் கேட்டு வந்தார்கள். ஐம்பது கிலோ மூட்டை வரட்டும் என்று முத்திருளன் திருப்பி அனுப்பினான். சூர்யபிரகாஷ் கூப்பிட்டுப் பேசியதும் முதலாளிகள் முறுக்கிக்கொண்டார்கள், இழுத்தடித்தார்கள், கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

ஐம்பது கிலோ மூட்டையோடு முதல் லாரி வந்த காலையில் சூர்யபிரகாஷ் மேளதாளம் இல்லாமல் வந்தார். ஆணியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தள்ளாடித் தள்ளாடித்தான் நடந்தார், ஆனாலும் லாரியிலிருந்து தராசு வரைக்கும் சுமந்துவிட்டார். மண்டியே கைதட்டியது.

அருள்பாண்டியை ஆட்டோவில் கூட்டிவந்திருந்தார்கள். அவன் சாய்ந்தபடியே அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இம்புட்டுத்தான் மூட்டைன்னா என் முதுகு போயிருக்காதுண்ணே,” என்றான்.

முத்திருளன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டான். “இனிமே இங்கன எவன் முதுகும் போகாதுடா,” என்றான்.