மாந்தோனுக்குப் போகும் யோசனை

1938ஆம் வருஷம் மாசி மாதம் கடல் பாலசமுத்திரத்துக்கு வந்து சேர்ந்தது. மதியத்துக்கு மேல் வந்தது, மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது. பேரிலேயே சமுத்திரத்தை வைத்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரும்புக்குச் சேதமில்லை, கிணறுகள் கரிக்கவில்லை, உழும்போது சிப்பி மட்டும் கொழுவில் தட்டியது. பழனிக் கடைவீதியில் அந்த வாரம் உப்பு விலை கொஞ்சம் இறங்கியது. வண்டிக்காரர்கள் வழியாக இந்தச் சேதி கோடைக்கானலுக்கு ஏறி வந்தபோது, கடைவீதியில் வெண்ணெய் டின்னும் பிஸ்கட்டும் விற்கிற நசுருதீன் ராவுத்தரின் மனைவி ரஹ்மத் பீவி, கையிலிருந்த சொளகைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடல் யாரைத் தேடி வந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் கீழக்கரைக்காரி. அவளுடைய பாட்டனார் சங்கு ஏற்றிய தோணியோடு போனார். வாப்பா கொழும்புக்குப் புறப்பட்ட தோணியோடு போனார். அண்ணன், காற்றே இல்லாத ஒரு காலையில், கரையில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தபோது போனான். மூன்று பேரில் ஒருவர் உடலும் கரை ஒதுங்கவில்லை. மிஞ்சிய ஒரே பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடியபோது அவளுடைய தாய் சொத்தைக் கேட்கவில்லை, குணத்தைக் கேட்கவில்லை, ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். மகளை டோலியில் ஏற்றி அனுப்பும்போது, கடல் இருக்கும் திசைக்கு இனி ஓர் அடி எடுத்துவைப்பதில்லை என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அதிலிருந்து ரஹ்மத் பீவி கோடைக்கானல் ஏரியைக்கூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போவதானாலும் ஏரி கண்ணில் படாத சுற்றுப்பாதையில்தான் போவாள்.

அவர்களுடைய ஒரே மகள் அமீருன்னிசாவுக்குப் பதினைந்து வயதில் நெஞ்சு கட்டிக்கொண்டது. பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறும் நேரமெல்லாம் அவள் மூச்சு, சந்து வழியாகக் காற்று நுழைவதைப் போலச் சத்தம் போட்டது. கடைக்கு வந்துபோகும் வயதான வெள்ளைக்கார டாக்டர் ஒருவர், இவளுக்கு மலைக்காற்று ஆகாது, வெதுவெதுப்பான கடற்காற்றுதான் மருந்து என்றார். மாமியார் ஊரான கீழக்கரைக்கே போகலாமே என்று நசுருதீன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ரஹ்மத் பீவி இரண்டு நாள் சோற்றில் கை வைக்கவில்லை. அதன்பின் டாக்டர், தான் இளவயதில் குளிர்காலத்தைக் கழித்த ஊரைப் பற்றிச் சொன்னார். அது பிரெஞ்சு தேசத்தின் தெற்கு ஓரத்தில், மத்தியதரைக் கடற்கரையில் இருக்கிற மாந்தோன். அங்கே மலை நேராகக் கடலுக்குள் இறங்குமாம், கரை நெடுக எலுமிச்சைத் தோட்டமாம். வண்ணப்படம் ஒன்றும் கொடுத்தார். மனைவி பயப்படுகிற கடலைவிட்டு இத்தனை தூரத்தில் இன்னொரு கடல் இருப்பது நசுருதீனுக்குப் பெரிய வசதியாகப் பட்டது. அவர் மனசில் இந்த யோசனை விழுந்த வாரம்தான் பாலசமுத்திரத்தில் கடல் வந்துபோனது. உலகத்து வெள்ளைக்காரனெல்லாம் ஓய்வெடுக்க இங்கே வருகிறான், ராவுத்தர் அங்கே போகிறார் என்று கடைவீதியில் சிரித்தார்கள்.

“அது வேற கடலு, பீவி. பேரே வேற” என்றார் அவர்.

“பேரு வேறன்னா தண்ணி வேறயாயிருமா? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துதானங்க கெடக்கு.”

“புள்ள மூச்சு விட வேணாமா?”



பம்பாய் வழி வேண்டாம், கொழும்பில் கப்பல் ஏறலாம் என்று நசுருதீன் தீர்மானித்த வாரம், கடல் மலையைச் சுற்றிக்கொண்டு தெற்கே பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் ஏறியது. கப்பல் கம்பெனியில் விசாரித்த வாரம் இன்னும் மேலே வந்தது. வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் பழக்கூடை சுமந்து வரும் சோலையம்மாள், பின்வாசலில் கூடையை இறக்கிவிட்டு அதைச் சொன்னாள்.

“எங்கூருக்குக் கீழ தண்ணி வந்து நிக்குது, பீவிம்மா. வாயில வச்சா கரிக்குது. எங்கூருக்குள்ள ஒருத்தரும் செருப்புப் போட மாட்டோம்ல, அதுவும் அப்படித்தான், சத்தமில்லாம மருவாதையா வந்துச்சு.”

“ஏதாச்சும் கேட்டுச்சா?”

“தண்ணி என்னத்தக் கேக்கும்? மேல பாத்துக்கிட்டே நிக்குது.”

பயணத்துக்குக் கம்பளிச் சட்டை தைக்கக் கொடுத்த அன்று வட்டக்கானலில் மாடுகள் மேய மறுத்தன. மூட்டத்துக்கு அடியில் அலை புரளும் சத்தம் கேட்டதாக விறகு வெட்டப் போனவர்கள் சொன்னார்கள். ரஹ்மத் பீவி பின்வாசல் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டாள். வாசற்படியில் சாம்பல் கொட்டினாள். கடைசியில் கணவரின் காலைப் பிடித்துக்கொண்டாள். நசுருதீன் அவளைப் பார்த்தார், படத்தைச் சுருட்டிப் பரணில் போட்டார், மாந்தோன் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்றார். மறுநாளே வட்டக்கானல் காய்ந்தது. மூன்றாம் நாள் வெள்ளகவி காய்ந்தது. பெரியகுளத்து அடிவாரத்தில் ஈரம் வற்றிய அன்று அமீருன்னிசாவின் உதடு நீலம் பாரித்தது.

அப்போதுதான் ரஹ்மத் பீவிக்கு விளங்கியது. கடல் கிட்டே வந்த நாட்களிலெல்லாம் பிள்ளை நன்றாக மூச்சு விட்டிருந்தாள். தன் பயத்தில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. தலையணையில் சாய்ந்தபடி, ஒவ்வொரு மூச்சையும் தேடி எடுத்துக்கொண்டிருந்த மகளை அவள் நிமிர்த்தி உட்காரவைத்தாள். பிறகு பரணில் ஏறிப் படத்தை எடுத்துவந்து கட்டிலில் விரித்தாள்.

“ஏங்க, கப்பலவிட்டு எறங்குன பெறகு எந்த வண்டியில போகணும்?”

நசுருதீன் நம்பாமல் பார்த்தார்.

“வெரசாச் சொல்லுங்க.”

ரயில் என்றார் அவர். கரை ஓரமாகவே போகும், வலது பக்கம் உட்கார்ந்தால் வழி முழுக்கக் கடல் தெரியும் என்றார். எந்த விடுதி, மாடியா கீழ்த்தளமா, அங்கே ஹலால் கறி கிடைக்குமா, கிடைக்காவிட்டால் மீன் என்ன மீன் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு பதிலுக்கும் தொலைவில் பள்ளத்தில் ஏதோ புரண்டது. சாயங்காலத் தொழுகைக்கு முன்பு தண்ணீர் பின்வாசலைத் தொட்டது. ரஹ்மத் பீவி இரண்டு தாழ்ப்பாளையும் தானே திறந்தாள்.

அவள் எதிர்பார்த்த வாடை அதில் இல்லை. கருவாடும் பாசியும் மணக்கவில்லை, எலுமிச்சம்பூ மணத்தது. நிறமும் வேறு, கண்ணைக் குத்தும் நீலம். ஆனால் கணுக்காலைப் பற்றி இழுத்த பிடியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வாப்பாவையும் அண்ணனையும் இப்படித்தான் பிடித்திருக்கும் என்று நினைத்தபோது பற்கள் கிட்டித்துக்கொண்டன. நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் நகராமல் நின்றாள். பின்னால் மகள் எழுந்து வருகிற சத்தம் கேட்டது.

“அம்மா, நெஞ்சு லேசா இருக்கும்மா” என்றாள் அமீருன்னிசா.

அடுத்த வருஷம் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. நினைத்தபடி கப்பல் ஏற முடியாத காலம் வந்தது, யோசனை இத்தோடு முடிந்தது என்று நசுருதீன் சொன்னபோது ரஹ்மத் பீவி ஒத்துக்கொள்ளவில்லை. போவதற்குத்தான் கப்பல் வேண்டும், யோசிப்பதற்குக் கப்பல் எதற்கு என்றாள். தினமும் கடைச் சோலி முடிந்து கணவர் வந்ததும் மூன்று பேரும் பின்வாசலில் உட்கார்ந்து பயணத்தைப் பேசினார்கள். பேசாத நாளில் கடல் பள்ளத்துக்கு இறங்கியது, பிள்ளைக்கு மூச்சு இளைத்தது. பேச்சு ரொம்பத் தீர்மானமாகிவிட்டால் தண்ணீர் நிலைப்படி தாண்டி அடுப்பங்கரைவரை வந்தது. அப்போதெல்லாம் ரஹ்மத் பீவி, அந்த விடுதி வேண்டாம், படிக்கட்டு அதிகமாம் என்று ஏதாவது ஒன்றைக் கலைத்துவிடுவாள். கடைவீதிக்காரர்கள் பழகிவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈரத் துணியைக் கடற்காற்றில் காயப்போட்டார்கள். நகராட்சி ஒரு கம்பிவேலி போட்டது, துருப்பிடித்ததும் விட்டுவிட்டது. அமீருன்னிசாவுக்குத் திண்டுக்கல்லிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளை வந்தார். அவர் கேட்ட ஒரே கேள்வி, அலையில் குளிக்கலாமா என்பது. கூடாது என்றாள் மாமியார். அவளுடைய பயம் ஒரு நாளும் குறையவில்லை. பொழுது சாயும்போதெல்லாம் கை குளிர்ந்துபோகும், குளிர்ந்த கையோடுதான் வந்து உட்காருவாள்.

சண்டை முடிந்து, 1946ல் பயணிகள் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. கொழும்பு ஏஜெண்டு மருமகனையும் சேர்த்து நான்கு பேருக்கு இடம் இருப்பதாகத் தந்தி கொடுத்திருக்கிறான் என்று நசுருதீன் கடையிலிருந்து ஓடி வந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் நிலைப்படி ஏறியது. அடுப்பு அணைந்தது. பாத்திரங்கள் மிதந்து ஒன்றோடொன்று முட்டின. அமீருன்னிசா முழங்கால் அளவு நீரில் நின்று தாயின் முகத்தைப் பார்த்தாள்.

“போவமாம்மா?”

தண்ணீர் ரஹ்மத் பீவியின் இடுப்பைப் பிடித்து வாசல் பக்கமாக இழுத்தது. அவள் தூணைக் கட்டிக்கொண்டாள்.

“போகலாம், புள்ள. கட்டாயம் போகலாம். எந்த மாசம் போனா நல்லதுன்னு மொதல்ல பாப்போம்.”

வெயில் காலத்தில் கூட்டம் அதிகம் இருக்கும் என்றார் நசுருதீன். அப்படியானால் கார்த்திகை என்றாள் மகள். கார்த்திகையில் கடையை யார் பார்ப்பது என்று கேட்டாள் ரஹ்மத் பீவி. கடல் நிலைப்படிக்கு வெளியே இறங்கி நின்றது. அவர்கள் முற்றத்துப் பலகையை நேராக்கிப் போட்டு, ஈரத்தோடு உட்கார்ந்து, தை மாதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.