தெரியாதவன் சாவில் அழுதவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாவு வீட்டில் கிடைத்தது. துக்கம் விசாரிக்கப் போகவில்லை, சீட்டாடப் போயிருந்தேன். எங்கள் துறைமுகத்தில் அடக்கம் முடியும்வரை வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி, இரவெல்லாம் விளக்கு எரியும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். காப்பியும் பிஸ்கட்டும் கிடைக்கும், விடிய விடியச் சீட்டாட்டமும் நடக்கும். செத்துப்போன காலிஸ்தோவை எனக்குத் தெரியவே தெரியாது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. (இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "புயல் எச்சரிக்கை வந்ததும் கடல் தன்னுடைய..."

வேண்டாம். கடலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாவது: "லிகாயாவிடம் கப்பல் சீட்டு இருந்தது, கப்பல்தான் இல்லை." கொஞ்சம் மேதாவித்தனம். ஆனாலும் உண்மை. மணிலாவில் வீட்டு வேலை பார்த்துவிட்டு, மகளோடு மஸ்பாத்தே தீவுக்குத் திரும்புகிறவள். புயலைக் காரணம் காட்டிக் கப்பலை நிறுத்திவிட்டார்கள். துறைமுகக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. விடுதிக்காரி அன்று மாலையே வாடகையை ஏற்றிவிட்டாள், நாசமாய்ப் போக. தெருவில் தார்ப்பாயும் விளக்கும் தெரிந்தன. கப்பல் கிடைக்காத ஏழைகள் சாவு வீட்டில் உட்கார்ந்து விடிய வைப்பது எங்கள் ஊரில் புதிதல்ல.

3

வந்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், காணிக்கைச் சாடியில் ஒரு காசு போட்டாள். எல்லாம் முறைப்படிதான். ஆனால் சவப்பெட்டியின் கண்ணாடிக்குள் பார்த்ததும் தேம்பி அழுதுவிட்டாள்.

(இங்கே எனக்குச் சந்தேகம். ஏன் அழுதாள்? அலுப்பு என்று எழுதினேன். பசி என்று எழுதி அடித்தேன். உள்ளே கிடந்தவனுக்கு மெத்தையும் தலையணையும் இருந்ததைப் பார்த்து அழுதாள் என்று எழுதினேன். அதை அடிக்க மனம் வரவில்லை.)

தெரியாதவன் சாவில் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். தேம்பக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அருகே போனாள்.

"எந்த ஊரும்மா?"

"மஸ்பாத்தே."

சீட்டு மேசையில் எல்லோருக்கும் காது நீண்டது.

"மஸ்பாத்தேயாம்டா. புள்ளய வேற கூட்டிட்டு வந்திருக்கா."

"காலிஸ்தோ அடிக்கடி அங்க போவானே, மீன் வாங்கவா போனான்?"

சிரித்தார்கள். அடுத்த சீட்டை இறக்கினார்கள்.

4

விதவை நெனிதாவைக் கொடுமைக்காரியாக எழுதினால் எனக்குச் சுலபம். அவள் அப்படி இல்லை. தன் கையாலேயே இரண்டு கிண்ணம் இஞ்சிக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். குழந்தை குடித்து முடிக்கும்வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன வயசு?"

"ஆறு, அக்கா."

"அக்கான்னு கூப்பிடாத. இது என் புருஷன் புள்ளயா? ஆமான்னா உள்ள கொண்டு போய்ப் படுக்க வை. அப்பன் பக்கத்துல ஒரு ராத்திரியாவது தூங்கட்டும், அது என்ன பாவம் பண்ணுச்சு. இல்லன்னா இப்பவே எழுந்து போ. யாரோ ஒருத்தன் சாவுக்கு எவளாவது இப்படி அழுவாளா? ஊரே என்னப் பாத்துச் சிரிக்குது."

தார்ப்பாயில் மழை விழ ஆரம்பித்தது.

5

முடிவு ஒன்று: "இல்ல" என்கிறாள். உண்மை. நெனிதா நம்பவில்லை. தாயும் மகளும் மழையில்.

முடிவு இரண்டு: "ஆமா" என்கிறாள். குழந்தை நனையாமல் தூங்குகிறது. நெனிதாவுக்கு இனி எந்த ராத்திரியும் தூக்கம் இல்லை. காலையில் லிகாயா ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாள். சாவு வீட்டில் நன்றி சொல்வதும் வழியனுப்புவதும் எங்களுக்கு ஆகாது. ஊர் அதையும் சாட்சியாக்கும்: "பாத்தியா, மூஞ்சியக் காட்ட முடியாம ஓடிட்டா."

முடிவு மூன்று: சீட்டு மேசையிலிருந்து ஒருவன் எழுந்து, "அம்மா, எனக்கும்தான் உன் புருஷனத் தெரியாது. ராத்திரி பூரா உக்காந்து தின்னுட்டுத்தான் இருக்கேன், என்னக் கேட்டியா?" என்கிறான். ஆசையாக எழுதினேன். ஆனால் இது நடக்காது. சீட்டாடுகிற ஆண்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன்.

6

நெனிதா பதிலுக்காக நிற்கிறாள். லிகாயா வாயைத் திறந்து

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. நீங்கள் முடியுங்கள். உண்மையோ பொய்யோ, உங்கள் இஷ்டம். ஆனால் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள். தூங்கிப்போன ஆறு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தத் தார்ப்பாயின் ஓரத்தில் நின்று சொல்லுங்கள்.)