நாக்கு முளைத்த புல்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. காவிரித் தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியம் பண்ணவும் தயார். மேட்டூர் திறக்கட்டும், பண்ணிவிடுகிறேன். கதையை எனக்குச் சொன்னவர் திருக்காட்டுப்பள்ளி வைரக்கண்ணு. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதில் இரண்டு மா நிலம் வாங்கியவர். "எழுதுங்க, பேரை மட்டும் போட்டுறாதீங்க" என்றார். போட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பச்சைப் பட்டு விரித்தாற்போல் வயல்...'

வேண்டாம். வயல் வயலைப் போலத்தான் இருந்தது.

இரண்டாவது: 'காத்தாயி நாற்பது வருடமாக ஒரு புல்லை வளர்த்தாள்.'

இது இருக்கட்டும். அவள் களை எடுப்பவள். வளர்த்தது தெரியாமல் வளர்த்தது. நெல்லுக்கு நடுவே குதிரைவாலிப் புல் முளைக்கும். வேற்று முகமாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கினாள். கொஞ்சம் நெல் சாடையில் இருந்தது தப்பி விதை கொட்டியது. அடுத்த போகத்தில் அதன் பிள்ளைகள். அவற்றிலும் சாடை குறைந்தது போனது, கூடியது தங்கியது. அவள் கண் கூராகக் கூராக, புல் நெல்லாகிக்கொண்டே வந்தது. மந்தமான கண்ணாக இருந்திருந்தால் புல் நிம்மதியாகப் புல்லாகவே இருந்திருக்கும்.

(அடிக்குறிப்பு: வரப்பில் நின்ற பழைய புல் முன்னால் பூத்தது. வயல் புல் நெல்லோடு சேர்ந்து பின்னால் பூத்தது. இரண்டுக்கும் கொள்வினை கொடுப்பினை நின்றது. இப்படியே நெடுங்காலம் போனால் ஒரு தாய் வயிற்றுப் புல் இரண்டு இனமாகிவிடும். இதுவரை விஞ்ஞானம். இனி வைரக்கண்ணு.)

3

இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு வெள்ளையாக ஒரு சிறு நாக்கு உண்டு. குதிரைவாலிக்குக் கிடையாது. சந்தேகம் வந்தால் காத்தாயி கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். போன சம்பாவில் புல்லுக்கு அதுவும் முளைத்துவிட்டது.

வரப்பில் நின்ற வைரக்கண்ணு பார்த்தார். அவள் கையில், நாக்கோடு ஒரு கத்தை.

"நெல்லைப் புடுங்குறியே காத்தாயி! கண்ணு அவிஞ்சு போச்சா?"

"நெல்லு இல்லண்ணே, புல்லு."

"நாக்கு இருக்குல்ல?"

"நாக்கு இருக்குறதெல்லாம் நெல்லாண்ணே? உங்களுக்குந்தான் இருக்கு."

வயலில் எட்டுப் பெண்கள் சிரித்தார்கள். காலமெல்லாம் மின்கம்பத்தின் உச்சியிலிருந்து ஊரைப் பார்த்தவருக்கு, கீழேயிருந்து வந்த சிரிப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

"நாளையிலேருந்து வராத" என்றார்.

காத்தாயி வாய்க்காலில் கையைக் கழுவினாள். "இதுல ஒரு குத்தை மூலையில நட்டு வைங்க. கதிர் வரட்டும். நெல்லா இருந்தா இனிமே யாரு வயல்லயும் நான் இறங்கல. புல்லா இருந்தா, இதே வரப்புல நின்னு, நாலு பேரு கேக்க, தப்பு உங்களுதுன்னு சொல்லுங்க."

4

நட்டார். தினம் காலையில் போய் இலையைத் தடவினார். கையை அறுக்கும் நெல்லின் சுனை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. காத்தாயி சொன்னது சரியாகிவிட்டால் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடினாராம். தப்பாகிவிட்டால் என்ன சொல்வது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை என்றார். [இந்த வரியை எடுத்துவிடலாமா? இருக்கட்டும்.]

தொண்டைக் கதிர் கட்டியது. கதிர் வெளியே தலைகாட்ட வேண்டிய நாளுக்கு முதல் நாள், வைரக்கண்ணுவின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், அந்தக் குத்தை அடியோடு தின்றுவிட்டது.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: நெல். காத்தாயி தலையைக் குனிந்துகொண்டு...

குனிய மாட்டாள். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: புல். வைரக்கண்ணு வரப்பில் நின்று, "காத்தாயி, நான்..."

இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை ஆரம்பித்துப் பார்த்ததாக அவரே சொன்னார். அதற்கு மேல் எனக்கும் வரவில்லை.

நெல்லைப் பிடுங்கியவள் என்று பேர் வந்துவிட்டது. களையெடுப்புக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை. கடைத்தெருவில் அவள் எதிரே வந்தால் வைரக்கண்ணு மருந்துக்கடைக்குள் புகுந்துகொள்கிறார். வீட்டில் இதுவரை ஏழு தலைவலித் தைலம் சேர்ந்திருக்கிறது. தலைவலி ஒன்றும் இல்லை.

5

அந்தக் குத்து நெல்லா, புல்லா? முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உதவிக்கு ஒரே ஒரு தகவல்.

வைரக்கண்ணு வீட்டில் ஆடே கிடையாது.