எந்த அணை என்று சொல்லவில்லை

சிங்காரவேலு யாரையும் நம்பாதவர். உரக்கடைக்காரன் மூட்டையை எடை போட்டுக் காட்டினால் தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று போன் வந்தால், "நீ யாருன்னு உங்க ஆத்தாகிட்ட கேட்டுட்டு வா" என்று வைத்துவிடுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுபது வயதாகியும் அவரை ஒருவனும் ஏமாற்றியதில்லை என்பது திருக்காட்டுப்பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். அவரே சொல்லித்தான் தெரியும்.

அப்படிப்பட்ட மனுஷனால் ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பாட்டு அமலியுடையது. பக்கத்து வயல்காரர் மதலைமுத்துவின் மகள். தஞ்சாவூரில் நர்ஸ் வேலை. காவிரியில் புதுத்தண்ணீர் வருவதைப் பற்றி அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடியிருந்தாள். பாட்டின் நடுவில் மேளம், குழல் எல்லாம் சட்டென்று நின்றுபோகும். ஒரு கிழட்டுத் தொண்டை மட்டும் "தண்ணி வருது டோய்" என்று கத்தும். அந்தத் தொண்டை சிங்காரவேலுவுடையது. போன வருஷம் வாய்க்கால் கரையில் நின்று அவர் கத்தியதை அமலி போனில் பிடித்து வைத்திருந்தாள்.

"உங்க குரல் இருக்கறதால உங்களுக்கு மட்டும் அனுப்புறேன் பெரியப்பா. யாருக்கும் குடுத்துடாதீங்க. மெட்ராஸ் கம்பெனி ஒண்ணு எடுத்துக்குது. அணை தொறக்கற அன்னிக்குத்தான் பாட்டும் வெளிய வரணும். அதுக்கு முன்னாடி எங்கயாவது கேட்டுச்சுன்னா எடுத்துக்க மாட்டோம்னு எழுதி வாங்கியிருக்காங்க."

சிங்காரவேலு அந்தப் பாட்டைக் காலையில் கேட்டார், மாட்டுக்குத் தவிடு வைக்கும்போது கேட்டார், சாப்பிடும்போது கேட்டார். தன் குரல் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் சோற்றில் கை அப்படியே நிற்கும். ஆனாலும் யாருக்கும் கொடுக்கவில்லை. மேட்டூர் அணை திறந்ததை டி.வி.யில் காட்டினார்கள். அடுத்த நிமிஷமே ஒரத்தநாட்டிலிருக்கும் சம்பந்தி இளவழகனுக்குப் பாட்டு போய்விட்டது. ஒருத்தருக்குத்தான். அதுவும் சொந்தத்துக்கு.

இது நடந்து இரண்டு நாள் கழித்து, மத்தியான நேரத்தில் அமலி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைக்குக் காலைல கல்லணைக்கு வந்துடுங்க பெரியப்பா. ஷட்டரத் தூக்கறப்ப பாட்டும் வெளிய வருது. நீங்க பக்கத்துல நிக்கணும்."

"நாளைக்கா?" என்றார் சிங்காரவேலு.

அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் போன் அடித்தது. அவர் போனில் எப்போதும் ஸ்பீக்கர்தான். அணைக்கத் தெரியாது.

"சம்பந்தி, சாயங்காலம் வரவேற்புக்கு வந்துடுங்க," என்று இளவழகன் கத்தினார். பின்னால் ஒரே இரைச்சல். "எங்க அண்ணன் பொண்ணு குந்தவை மேடைக்கு வர்றப்ப உங்க பாட்டுதான். மைக்செட் கபீர் பாய்கிட்ட குடுத்துட்டேன். நேரலை வேற போடறாங்க. சிங்கப்பூர் வரைக்கும் உங்க தொண்டை போகப் போவுது பாருங்க."

அமலியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"போடாத சம்பந்தி. போடாத," என்று இவர் கத்தினார்.

"போட்டுருவோம், போட்டுருவோம்," என்றார் அவர். போன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுப்பார் இல்லை.

"ஏன் பெரியப்பா குடுத்தீங்க?"

"அணைதான் தொறந்தாச்சே. டி.வி.லயே காட்டினானே."

"அது மேட்டூரு. நான் சொன்னது கல்லணை."

"அணைன்னா மேட்டூரு. கல்லணையச் சொல்றதுன்னா கல்லணைன்னு சொல்லணும்."

"கல்லணைக்குப் பக்கத்துலயே குடியிருந்துக்கிட்டு மேட்டூர நெனைக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான். பாட்டுல எத்தனை தடவ கல்லணை வருது? உங்க கத்தல மட்டும்தான் கேட்டீங்களா?"

உண்மை அதுதான். சிங்காரவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஸ்கூட்டி பூதலூரைத் தாண்டியது. ரோட்டோரத்தில் நாற்றங்காலுக்கு உழுது போட்டுவிட்டுத் தண்ணீருக்காகக் காத்திருந்த வயல்கள் பறந்தன. கிழவரின் துண்டு காற்றில் போய்விட்டது. நிறுத்தச் சொல்லவில்லை. வல்லம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"ஏம் புள்ள, அந்தக் குரல் என்னுதுதானே? என் குரல நான் குடுத்தா அது எப்படித் தப்பாவும்?"

"உங்க குரல மட்டும் வெட்டிக் குடுத்திருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்? கூட என் பாட்டும் போயிருக்கே."

"அந்தக் கம்பெனிக்காரன் உன்ன நல்லா மொட்டையடிக்கப் போறான். எழுதி வெச்சுக்க."

"அடிக்கட்டும். அவனுக்கு நான் தெரிஞ்சு குடுத்தேன். நீங்க எனக்குத் தெரியாம குடுத்தீங்க."

உரக்கடைக்காரன், பேங்க்காரன், கம்பெனிக்காரன் என்று அவர் மனசுக்குள் வைத்திருந்த வரிசையில் முதல் தடவையாகத் தன் பெயரும் சேர்ந்ததுபோல் இருந்தது சிங்காரவேலுவுக்கு. வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் வேகமாப் போ," என்றார்.

ஒரத்தநாட்டு மண்டபத்தில் இவர்கள் நுழையும்போது தவுல் சத்தம் காதைப் பிளந்தது. வாசலில் பூப்பந்தல். குந்தவை பட்டுப்புடவையும் கூலிங்கிளாஸுமாகத் தயாராக நின்றிருந்தாள். கேமராக்காரன் பின்னாலேயே நகர்ந்துகொண்டு, "நேரலை போவுது, சிரிச்ச மாதிரி வாங்க" என்றான். கூட்டத்தின் அந்தப் பக்கத்தில் மேடையை ஒட்டி, காதில் ஹெட்போனோடு அஹமது கபீர். நடுவில் முந்நூறு நாற்காலி. அமலி கையை ஆட்டினாள், கூப்பிட்டாள். அவர் கல்யாணப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு லேப்டாப்பில் விரலை வைத்தார்.

சிங்காரவேலு அங்கே பார்க்கவில்லை. மைக்செட்டுக்குப் போகும் ஒயர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். நாற்பது வருஷம் பம்புசெட் மோட்டாரோடு மல்லுக்கட்டிய கண். வாசல் சுவரில் மின்சாரப் பலகை. ஒரே எட்டு. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

மண்டபம் கப்சிப். மின்விசிறி நின்றது. குந்தவை ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள்.

"எந்தப் பயடா அது?" என்று இளவழகன் ஓடிவந்தார். பார்த்தால் சம்பந்தி. "நீங்களா? கல்யாணத்துல வந்து இப்படிச் செய்யலாமா?"

"அந்தப் பாட்டப் போடக்கூடாது. அது நான் குடுக்கறதுக்கு என்னுது இல்ல," என்றார் சிங்காரவேலு. பிறகு அமலியைக் காட்டினார். "பாட்டுக்குச் சொந்தக்காரி இந்தா நிக்கிறா."

கபீர் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவருக்குக் கோபம். "எத்தனையோ கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டாச்சு பெரியவரே. யார்கிட்ட கேட்டுட்டுப் போட்டேன்? கல்யாணத்துல போடலாம்னு சட்டமே இருக்காம்ல."

"கல்யாணத்துக்கு இருக்கட்டும் பாய். நேரலைக்கும் இருக்கா?" என்றாள் அமலி. "சட்டத்த விடுங்க. நாளைக்கு வெளிய வரவேண்டிய பாட்டு இது. இன்னிக்குக் கேட்டுட்டா எனக்குப் போச்சு."

கபீர் அவளையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளியவே வராத பாட்டா? அத இந்த மனுஷன் பாட்டுக்கு வெத்தல பாக்கு மாதிரி குடுத்து விட்டாரா?"

"ஒருத்தருக்குத்தான் குடுத்தேன்," என்றார் சிங்காரவேலு.

"நானும் ஒருத்தருக்குத்தான்," என்றார் இளவழகன்.

"நான் போட்டிருந்தா ஊருக்கே," என்றார் கபீர். லேப்டாப்பைத் தூக்கிவந்து அமலியின் கண்ணெதிரே பாட்டை அழித்தார். இளவழகன் தன் போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அதற்குள் குந்தவைக்குக் கால் வலித்துவிட்டது. "எல்லாம் சரி. நான் எந்தப் பாட்டுக்கு நடக்கறது? ரெண்டு நாளா இதுக்குத்தான் ஆடிப் பாத்திருக்கேன்."

அமலி கூலிங்கிளாஸைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நேரலைய நிறுத்துங்க. ஒருத்தர் கையிலயும் போன் இருக்கக்கூடாது. நானே பாடறேன்."

போன்களை இறக்க வைக்கும் வேலையைச் சிங்காரவேலு எடுத்துக்கொண்டார். அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் ஏது? வரிசை வரிசையாகப் போனார். மாப்பிள்ளையின் சட்டைப் பையையும் தடவிப் பார்த்தார். கேமராவுக்கு மேல் யாருடைய துண்டையோ உருவிப் போட்டு மூடினார். ஃபியூஸ் கட்டையை மட்டும் தரவில்லை. "பாடி முடிக்கட்டும், தரேன். நீங்க எதையாவது அழுத்திட்டா?" என்றார் கபீரிடம்.

மைக் இல்லாமல் அமலி பாடத் தொடங்கினாள். தவுல்காரர் முதலில் ஓரமாகத் தட்டிப் பார்த்தார், பிறகு பிடித்துக்கொண்டார். குந்தவை ஆடிக்கொண்டே நடந்தாள். நாற்காலிகள் பின்னுக்குப் போயின. கூட்டம் கைதட்டியது. பாட்டு ஏற ஏறச் சிங்காரவேலுவுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. அமலி சட்டென்று நிறுத்தினாள். தவுலும் நின்றது. அவள் இவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

சிங்காரவேலு இடுப்பில் ஃபியூஸ் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"தண்ணி வருது டோய்."

மண்டபம் அதிர்ந்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த இரண்டு பேர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஊரை ஒட்டிப் போகும் கல்லணைக் கால்வாய் இருந்த பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.