பாண்டிச்செல்வியின் மூன்று நிமிடம்

பாண்டிச்செல்விக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு விஷயத்தை, நடுவில் யாரும் புகாமல், கடைசிவரை சொல்லி முடிக்க வேண்டும். வீட்டில் அது நடக்கிற காரியமா? அவள் வாயைத் திறந்தால் போதும், அம்மா ஒச்சம்மாள் வெஞ்சனத்துக்கு உப்புப் பார்க்கக் கூப்பிடுவாள்; அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அதனால்தான் பள்ளியில் பட்டிமன்றம் என்றதும் ஒன்பதாம் வகுப்பில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். ஆளுக்கு மூன்று நிமிடம், குறுக்கே யாரும் பேசக்கூடாது என்று தமிழாசிரியர் இளஞ்செழியன் சொல்லியிருந்தார். ஜெயித்தால் காந்திகிராமத்தில் பெரிய போட்டி வேறு.

தலைப்பும் அவளுக்கென்றே வைத்ததுபோல் அமைந்தது: வீட்டில் அடுத்தவர் பேச்சைக் கேட்காதவர்கள் பெற்றோரா, பிள்ளைகளா? பெற்றோரே என்று பேச இவள். காலையில் மல்லிகை பறித்துப் போட்டுவிட்டு ஒச்சம்மாளும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மற்றவர்கள் பேசி முடித்தபின், கடைசி ஆளாகப் பாண்டிச்செல்வி மைக்கைப் பிடித்து நேரே விஷயத்துக்கு வந்தாள். இளஞ்செழியன் பதறிப்போய், மேடையில் இருப்பவர்களுக்கு முதலில் வணக்கம் சொல்லச் சொன்னார். சரியென்று தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே என்று ஆரம்பித்தாள். முன்னாள் தலைவர் செருமினார். அவரையும் சேர்த்தாள். மைக்செட் உபயதாரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். விட முடியுமா? அதற்குள் வாசலில் கார் ஒன்று வந்து நின்று, இரண்டு பெரிய மனிதர்கள் மேடையேறினார்கள். அவர்கள் யாரென்று விசாரித்துச் சொல்வதற்குள் இன்னும் ஒருவர் வந்துவிட்டார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லி முடித்தபோது மணி அடித்துவிட்டார்கள்.

நடுவர் ரஹ்மத்துல்லா, ஓய்வுபெற்ற வாத்தியார். ஒருவர் பெயரையும் விட்டுவிடாத இந்தப் பண்பு யாருக்கு வரும் என்று உருகி, முதல் பரிசை அவளுக்கே அறிவித்தார். மேடை மொத்தமும் கைதட்டியது. பாண்டிச்செல்விக்கு அழுகையே வந்துவிட்டது.

“அய்யா, நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலயே. கப்பை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு அந்த மூணு நிமிசத்தத் தாங்க.”

நடுவர் நல்ல மனிதர், வெட்கப்பட்டுக் கொடுத்தார். தங்கள் பெயர் வந்துவிட்ட திருப்தியில் பெரிய மனிதர்கள் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். மேடையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று அவள் உப்பு, டிவி, ஒன்றையும் பாக்கி வைக்காமல் போட்டு உடைத்தாள். குடும்ப மானம் கப்பலேறியது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசி வார்த்தைவரை சொல்லி முடித்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கடைசி வரிசையில் ஒச்சம்மாள் எழுந்தாள்.

“எதிரணியில என்னையும் ஒரு ஆளாச் சேத்துக்கிருவீகளா அய்யா? இவ சொன்னதுல பாதி நெசம். மிச்சப் பாதிக்கு நான் பதில் சொல்லணும்.”

அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்! பாண்டிச்செல்விக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஒச்சம்மாள் மேடையேறி மைக்கைப் பிடித்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே, போன தீபாவளிக்கு நடந்ததைத் தலைகீழாக மாற்றிச் சொன்னாள்.

“அது அப்பிடி இல்லம்மா” என்று பாண்டிச்செல்வி பாய்ந்து எழுந்தாள்.

குறுக்கே பேசக்கூடாது என்று நடுவர் கையைக் காட்டினார். அவள் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கு இன்னும் இரண்டரை நிமிடம் பாக்கி இருந்தது.